படகுச் சவாரியால் தீராத சோர்வு

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலோ கேளம்பாக்கம் பக்கத்துத் தனியார் கல்லூரியிலோ அறுவை சிகிச்சையில் எம்.எஸ். படிப்பவருக்கு முட்டுக்காடு படகுத் துறை எட்டாத தூரமில்லை. துவண்டு தெரிகிறவரிடம் 'ஒரு நாள் உப்பங்கழியில் படகேறிவிட்டு வா, சரியாகிவிடும்' என்று மூத்தவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஓர் இரவு டூட்டியின் களைப்பு அப்படித் தீரும், பர்ன்அவுட் தீராது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை நோயாக அல்லாமல், சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி நெருக்கடியின் விளைவாக வரையறுத்தது: உடலும் மனமும் வற்றிப்போன சோர்வு, வேலையின்மீது கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். நோயாளி பெயரிழந்து வெறும் பெட் நம்பராகிவிடுவது அந்தக் கசப்பின் ஒரு முகம். காரணம் வார்டில் இருக்கையில் மருந்தை உப்பங்கழியில் தேடிப் பயனில்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில் முதுநிலை மாணவர்கள் 5,337 பேர் பதிலளித்தார்கள். சுமார் 31 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். இத்தனை பேருக்கும் மன உறுதி போதவில்லை என்று கடந்துபோக முடியாது. பணி நேரத்தையே பாருங்கள்: பயிற்சி மருத்துவர்களுக்கான 1992-இன் மத்திய அரசு உத்தரவு வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. 32 ஆண்டுகள் கழித்து இந்தக் குழு கேட்பதே 74 மணி நேர வரம்புதான். அதையாவது ஏட்டளவில் நிறுத்தாமல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

'நேரத்தைக் குறைத்தால் கை பழகாது, பாதியில் கைமாறும் நோயாளிக்கும் ஆபத்து' என்பது மூத்த சர்ஜன்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஷிப்ட் நீளத்தைத் தளர்த்தியபோது நோயாளிகளுக்குக் கேடு கூடவில்லை. ஆனால் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு அங்கேயும் விலக்கப்படவில்லை. நம் பயிற்சி மருத்துவர்களின் பொழுதில் எவ்வளவு கத்தி பிடிப்பதில் போகிறது, எவ்வளவு கேஸ் ஷீட் நிரப்பவும் ரத்தப் பரிசோதனை முடிவைத் துரத்தவும் போகிறது என்று அந்த மூத்தவர்கள் கணக்குப் பார்க்கட்டும். எழுத்து வேலைக்கு ஆள் போட்டால், பணி நேரத்தைக் குறைத்தாலும் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் நேரம் குறையாது. 2019-இல் அதே நாட்டில் 7,409 பயிற்சி சர்ஜன்களிடம் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அடிக்கடி அவமதிப்புக்கு ஆளானவர்களிடம் பர்ன்அவுட் மிக அதிகம். எல்லார் முன்னிலும் திட்டினால்தான் தொழில் படியும் என்ற நம்பிக்கையைக் கைவிடச் செலவே இல்லை.

ஏற்கெனவே சோர்ந்தவர் மீள, போன் வராத வார விடுப்பு வேண்டும். துறைத் தலைவரின் காதுக்குப் போகாத மனநல ஆலோசனை வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். நீண்ட விடுப்பில் போனவர் திரும்பும்போது முதல் வாரமே இரவு டூட்டி போடாத துறைத் தலைவர் வேண்டும்.