உயிர்மருத்துவப் பொறியியலில் மேற்படிப்பு

சிம்பாங் பூலாய், ஈப்போ நகருக்குத் தெற்கே அமைந்துள்ளது. இவ்வட்டாரத்து மக்கள் நாடிச் செல்லும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை ஈப்போவில்தான் இருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம், செயற்கைச் சுவாசக் கருவி, எக்ஸ்ரே இயந்திரம் போன்றவை இல்லாமல் இன்று எந்தப் பெரிய மருத்துவமனையும் இயங்காது. இத்தகைய கருவிகளை வடிவமைப்பதும் அவை பாதுகாப்பாக இயங்குவதை உறுதிசெய்வதும் உயிர்மருத்துவப் பொறியாளரின் பணியாகும். ஒரு காலத்தில் இங்குள்ள தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பால்மரத்தை இத்துறையும் மறந்துவிடவில்லை. மருத்துவக் கையுறைகளிலும் சிறுநீர் வடிகுழாய்களிலும் பல, ரப்பர் பாலிலிருந்து செய்யப்படுபவையே.

இத்துறையில் முதுகலைப் பட்டம் பெற விரும்புவோர் முதலில் தம் இளங்கலைப் பட்டத்தைக் கவனிக்க வேண்டும். உயிர்மருத்துவ அறிவியலும் உயிர்மருத்துவப் பொறியியலும் ஒன்றல்ல. முன்னது இரத்தம், திசு ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கற்பிக்கிறது. பின்னது கணிதம், மின்னணுவியல், இயந்திரவியல் ஆகியவற்றைக் கொண்டு கருவிகளை உருவாக்கக் கற்பிக்கிறது. மலேசியாவில் பொறியாளராகப் பதிவு பெறுவதற்குப் பொதுவாக, பொறியாளர் வாரியம் ஏற்றுக்கொண்ட இளங்கலைப் பட்டம் தேவை. அறிவியல் பட்டதாரி ஒருவர் பொறியியலில் முதுகலை முடித்தாலும், அதை மட்டும் காட்டிப் பதிவு பெற்றுவிட முடியாது. பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு இதை அறிந்து என்ன பயன்? செலவிட்ட ஆண்டுகளும் கட்டிய கட்டணமும் திரும்பி வரா.

அடுத்தது, படிக்கும் முறை. வகுப்பில் பாடம் பயின்று தேர்வு எழுதுவது ஒரு முறை. ஒரே ஆய்வை மேற்கொண்டு ஆய்வேடு எழுதுவது மற்றொன்று. இரண்டும் கலந்த முறையும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் துறை 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆனால், ஆய்வு முறையைத் தேர்ந்தெடுப்பவர் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளரின் ஆய்வுகளையே கூர்ந்து பார்க்க வேண்டும். அவ்வாய்வுகளில் மருத்துவர்களும் பங்கேற்கிறார்களா என்பது முக்கியம்.

மருத்துவரும் பொறியாளரும் இணைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் திருவனந்தபுரம் சான்றாகும். அங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில், அறுவை மருத்துவர் வல்லியத்தான் தலைமையில் பொறியாளர்கள் செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தனர். முதல் மூன்று மாதிரிகளும் தோல்வியுற்றன. நான்காவது மாதிரியே வெற்றி பெற்று, 1990ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பின்னாளில் இக்கழகம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தோடும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியோடும் இணைந்து, மருத்துவமனைப் பொறியியலுக்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது.

விரும்பும் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் உள்ளதா என்பதை இணையத்திலேயே பார்த்துவிடலாம். மற்றவற்றை நேரில்தான் கேட்டறிய வேண்டும். மாணவர்கள் மருத்துவமனைக்குச் செல்கிறார்களா? ஆய்வுக்கூடக் கருவிகளை அவர்களே இயக்குகிறார்களா? சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்? இக்கேள்விகளுக்கான விடைகளை, பல்கலைக்கழகத்தின் வண்ணக் கையேட்டைவிட அங்கே பயிலும் மாணவர் ஒருவரே தெளிவாகக் கூறுவார்.