கொழுந்து மடுவமும் கம்பியில்லாத் தொடர்பும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கும் இடம் மடுவம் எனப்படும். ஒரு தொழிலாளியின் ஒருநாள் உழைப்பு எண்ணாக மாறுவது ஆங்கேயாம். நிறுவை குறித்த அளவை எட்டின் முழுப் பெயர். எட்டாவிடின் அரைப் பெயர் என்பது தோட்ட வழக்கு. நெடுங்காலமாகத் தொங்கு தராசும் கணக்கப்பிள்ளையின் குறிப்பேடுமே இவ்வெண்ணுக்குச் சான்றாயிருந்தன. அண்மைக் காலத்திற் சில தோட்டங்களில் மின்னணுத் தராசு காட்டும் எடையைக் கைத்தொலைபேசி கம்பியின்றி வாங்கிப் பதிந்துகொள்ளும் முறை வந்துள்ளது. இவ்விணைப்பு இடையில் அறுமாயின் நட்டம் கருவிக்கன்று. கொழுந்தோடு வரிசையில் நிற்பவருக்கேயாம். ஆதலின் இத்தடங்கல்கள் எவ்வாறு எழுகின்றன, எம்முறையில் அவற்றைத் தேர்ந்து தீர்த்தல் வேண்டும் என்பன அறியத்தக்கன.

இத்தொடர்புக்குப் புளூடூத் என்று பெயர். 1994இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்திற் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாய்த் தோன்றி, 1998இல் ஐந்து நிறுவனங்கள் கூடி அமைத்த சங்கத்தின் வாயிலாக உலகப் பொதுமுறை ஆயிற்று. இதுவும் வானொலி அலையின் ஒரு வகையே. 2,400 மெகாஹேட்ஸ் முதல் 2,483.5 மெகாஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களில் இது இயங்கும்; அலைநீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். செலவிடும் வலு மிகச் சிறிதாதலின், சிறு கருவிகளிற் பத்து மீற்றர் அளவிலேயே இதனை நம்பலாம். இதற்குத் தொலைபேசிக் கோபுரமும் வேண்டா; இணையமும் வேண்டா. மலைச்சரிவு கோபுரத்தின் அலையை மறைக்குமிடத்தும் தராசும் கைத்தொலைபேசியும் தம்முட் பேசவல்லன. கோபுரத்தைக் குறைகூறுவோர் இருவேறு தொடர்புகளை ஒன்றென மயங்குகின்றனர். பதிந்த கணக்கை அலுவலகத்துக்கு அனுப்புதற்கே கோபுரத்தின் துணை வேண்டும்.

மூடுபனியும் அவ்வாறே வீண்பழி சுமப்பது. காற்றில் மிதக்கும் நுண்ணிய துளிகள், சில மீற்றர்த் தூரத்தில் இவ்வலையைக் கருதத்தக்க அளவு குறைப்பதில்லை. குறைப்பது திரண்ட நீரேயாம். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்களவு நீர். மனித உடலிலும் பாதிக்கு மேற்பட்டது நீரே. ஆகவே தராசுக்கும் கைத்தொலைபேசிக்கும் நடுவே நிறைந்த சாக்குகள் அடுக்கப்படினும், ஆட்கள் நெருங்கி நிற்பினும் அலை தேய்ந்துபோகும். தகரம் அதனைத் திருப்பி எறியும். மழைக்கு அஞ்சிக் கருவியைச் சட்டையின் உட்பையில் மறைத்தலும் அத்தகைய தடையே. எனவே முதற்சோதனை எளியது: இரு கருவிகளையும் இடையில் தடையின்றி ஓரிரு மீற்றருக்குள் வைத்துப் பார்த்தல். அருகிற் கொணர்ந்ததும் இணையுமாயின் குற்றம் தூரத்தினது அல்லது தடையினது. அப்போதும் இணையாவிடின் காரணத்தை வேறிடத்திற் தேடல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது மின்கலம். நுவரெலியா கடல் மட்டத்தினின்று 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆண்டின் தொடக்க மாதங்களிற் சில விடியல்களில் அங்கு உறைபனி காணப்படுவதுமுண்டு. குளிரில் லிதியம் மின்கலத்தின் வேதிவினை மந்தமாகும். ஆதலின் அது தன் முழுக் கொள்ளளவையும் தராது. மேலும், மின்னைச் சிக்கனஞ் செய்யும் பொருட்டுக் கைத்தொலைபேசி தானே சில செயலிகளை உறங்கச் செய்வதுண்டு. அப்போது இணைப்பும் அறலாம். நிறுவை வேளையில் அச்சிக்கன முறையை நிறுத்திவைத்தல் நன்று.

மூன்றாவது, அனுமதி. அண்ட்ரொயிட் வகைக் கைத்தொலைபேசிகளில், 2021இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல், அருகிலுள்ள சாதனங்களைத் தேடுதற்குச் செயலி தனி அனுமதி பெறல் வேண்டும். அதற்கு முந்திய சில பதிப்புகளில் இருப்பிடம் அறியும் அனுமதியே அதற்கு வேண்டியிருந்தது. அனுமதி மறுக்கப்பட்ட செயலி, தராசு கண்முன் இருப்பினும் காணாது.

நான்காவது, கருவிகளின் அறிமுகம். முதன்முறை இணையும்போது இரு கருவிகளும் மறைச்சாவி ஒன்றை ஏற்படுத்தித் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. பழுதுபார்த்த பின்னர் ஒன்று அதனை மறந்து மற்றது மறவாதிருப்பின், தராசின் பெயர் திரையிற் தோன்றும், இணைப்போ கைகூடாது. இருபுறத்தும் பழைய அறிமுகத்தை நீக்கிப் புதிதாய் இணைத்தலே பரிகாரம். இனி, பெயரே தோன்றாதிருத்தலும் உண்டு. வேறொரு கைத்தொலைபேசியோடு முன்னரே இணைந்துள்ள கருவி, பெரும்பாலும் தன்னைப் புதியவர்க்குக் காட்டுவதில்லை. முன்னர் நிறுத்தவரின் கைத்தொலைபேசி அருகே இயங்கிக்கொண்டிருந்தால், அடுத்தவர்க்குத் தராசு மறைந்தே நிற்கும். முன்னையதில் இணைப்பைத் துண்டித்தாற் போதும்.

தூரம், மின், அனுமதி, அறிமுகம் என்னும் இவ்வரிசையே சோதனைக்கும் ஏற்ற வரிசையாகும். எளியதிற் தொடங்கி அரியதற்குச் செல்லல் வேண்டும். ஒருவேளையில் ஒன்றையே மாற்றல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றின் எதனால் நோய் தீர்ந்தது என்பது தெரியாது. மறுநாள் அது மீளும்போது மருந்தும் தெரியாது. கைத்தொலைபேசியில் உள்ள அனைத்தையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொணர்தல் இறுதி வழியேயாம். அலுவலகத்துக்கு இன்னும் அனுப்பப்படாத நிறுவைக் கணக்கு அதனோடு அழிந்தொழியும் ஆதலின், முன்னரே அதனைப் பெயர்த்தெழுதி வைத்தல் கடன்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. இணைப்பு அற்றாலும் தராசின் முகப்பு எடையைக் காட்டிக்கொண்டேயிருக்கும். அவ்வெண்ணைத் தொழிலாளி தாமே கண்டு, அது குறிப்பேட்டில் ஏறுவதையும் அப்போதே காணல் வேண்டும். இணைப்பு மீண்டபின் அவ்வேட்டைக் கொண்டு, எந்நிறுவை விடுபட்டது, எது இருமுறை பதிந்தது என ஒப்புநோக்கித் திருத்தலாம். நினைவிலிருந்து பின்னர் எழுதப்படும் எண் சான்றாகாது. ஒரு கிலோவின் குறைவே முழுப் பெயரை அரைப் பெயராக்கவல்லது. அறுந்த தொடர்பைச் சில நிமிடங்களிற் சீர்ப்படுத்தலாம். எழுதாது விட்ட எடையை மீட்டல் அரிது. ஆதலின் புதிய கருவி வந்த மடுவத்திலும் பழைய குறிப்பேட்டுக்கு இடமிருத்தல் வேண்டும்.