குழந்தை பிறந்த பின்னும் தாய் ஏன் பிரசவ அறையிலேயே இருக்கிறார்?

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைதான் பிறந்துவிட்டதே, தாயை இன்னும் ஏன் வார்டுக்கு அனுப்பவில்லை?" என்பதே அது. எதையோ மறைக்கிறார்களோ என்ற ஐயம் சிலருக்கு எழுகிறது. களைத்துக் கிடக்கும் பெண்ணைச் சற்றுக் கண்ணயரக்கூட விடாமல் செவிலியர் எழுப்புகிறாரே என்ற வருத்தம் வேறு சிலருக்கு. இரண்டுக்கும் சேர்த்தே இங்கு விளக்கம் தர விரும்புகிறோம்.

நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் செல்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்தபடியே இருக்கும். கருப்பையின் தசைநார்கள் இறுகி, அக்குழாய்களை நெரித்து மூடுவதால்தான் இரத்தப்போக்கு நிற்கிறது. அத்தசை தளர்ந்துவிட்டால், சற்று முன்பு சிரித்துப் பேசிய தாய் ஓரிரு மணி நேரத்தில் உயிருக்குப் போராடும் நிலையை அடையக்கூடும். உலக அளவில் பேறுகாலத் தாய் இறப்புகளுக்கு முதன்மைக் காரணம் இந்த இரத்தப்போக்கே ஆகும்.

ஆகவே, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடப்படுகிறது. அடுத்த இரண்டு மணி நேரமும் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை செவிலியர் தாயின் வயிற்றில் கைவைத்துப் பார்க்கிறார். தொப்புளை ஒட்டிய உயரத்தில் கருப்பை கெட்டியான உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். பிசைந்த மாவுபோல் மெத்தென்று இருந்தால், அது இறுகும்வரை தேய்த்துவிடுவார். அது தாய்க்கு வலிக்கத்தான் செய்யும். ஆயினும் தவிர்க்க இயலாது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், பேடு நனைந்த அளவு ஆகியவற்றையும் அவர் குறித்துக்கொள்கிறார். "சிறுநீர் கழித்தீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் காரணம் உண்டு. நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை இறுகவிடாது.

இரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடுவது எளிதன்று. விரிப்பும் துணியும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென் ஆப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடைபெற்று, 2023இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கிற்று. தாயின் அடியில் அளவுக் கோடுகள் கொண்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து இரத்தத்தை அளந்தார்கள். அளவு மிஞ்சியவுடன் எல்லாச் சிகிச்சைகளையும் ஒருங்கே தொடங்கினார்கள். கடுமையான இரத்தப்போக்கும் அதனால் நேரும் பெருந்தீங்குகளும் 60 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. உற்றுநோக்கி, அளந்து, தாமதமின்றிச் செயல்பட்டதன் பயன் அது.

இரத்தசோகையுள்ள தாய்க்குச் சிறிய இழப்பும் பெரிய இழப்பாகிவிடும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்ப காலத்தில் செவிலியர் இரும்புச்சத்து மாத்திரைகளை எண்ணிப் பார்த்துக் கண்டிப்புக் காட்டுவது இதற்காகவே. மாத்திரையால் வயிற்றைப் புரட்டினால், நிறுத்திவிடாமல் எங்களிடம் சொல்லுங்கள். வேறு வகை தர இயலும்.

பிரசவ வலியின்போது எழும் மனக்குறை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். "நான்கு மணி நேரமாக யாரும் உள்ளே சோதித்துப் பார்க்கவில்லை" என்று உறவினர் பதறுவார்கள். உள்பரிசோதனையை அடிக்கடி செய்தால் நோய்த்தொற்று புகும். ஆதலால் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தாலே போதும். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைச் செவிலியர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கவேண்டும். மாற்றம் கண்டால் எங்களை அழைக்கிறார். மருத்துவர்களாகிய நாங்கள் வந்து போகிறவர்கள். படுக்கையருகே இருப்பவர் அவர். பெரும்பாலான ஆபத்துகளை முதலில் காண்பதும் அவரே.

இந்தப் பணி நம் பகுதியில் வேரூன்றிய வரலாறு நெடியது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவரை அனுமதிக்கும் வழக்கம் அக்குடும்பங்களில் இல்லாததால், பிரசவத்தில் உதவியின்றி இறந்தனர். அதைக் கண்டு மருத்துவம் பயின்ற ஐடா ஸ்கடர், வேங்கிக்கால் வழியே செல்லும் சாலையின் மறுகோடியான வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் நிறுவியது 1918இல்தான். செவிலியர் பயிற்சியோ 1909லேயே தொடங்கிவிட்டது. அந்த வரிசை தற்செயலானதென்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இனிக் குழந்தை. 37 டிகிரி வெப்பத்தில் இருந்த உடல் ஈரத்தோடு வெளியே வருகிறது. சித்திரை வெயிலிலும் அதற்குக் குளிரும். எனவே துடைத்து, தாயின் வெறும் மார்பின்மீது கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துகிறோம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டச் செய்கிறோம். குழந்தை மார்பைச் சப்பும்போது தாயின் உடலிலும் ஆக்சிடோசின் சுரக்கிறது. கருப்பை இறுக அதுவும் துணைசெய்கிறது. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டுவதில்லை. உடலில் படிந்துள்ள வெண்ணிறப் பூச்சு அழுக்கன்று, தோலைக் காப்பது.

சேனை வைக்கும் வழக்கத்தைப் பற்றிப் பாட்டிமார்களிடம் பணிவோடு ஒரு சொல். நல்லவர் ஒருவர் கையால் முதலில் இனிப்புத் தொட்டு வைக்கவேண்டும் என்ற உங்கள் ஆசை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சாக மாறக்கூடும். சர்க்கரைத் தண்ணீர் தொற்றைக் கொண்டுவரும். பால் குடிக்கும் பசியையும் கெடுக்கும். மஞ்சள் நிறமான சீம்பாலே சேனையாக இருக்கட்டும். கொப்பூழ்க்கொடியில் சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். அது காய்ந்து தானே விழும்.

வீடு திரும்பிய பின், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுதும் நனைவது, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடுந்தலைவலியோடு பார்வை மங்குவது, மூச்சுத்திணறல் ஆகியவை தாய்க்கு ஆபத்தின் அறிகுறிகள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், உடல் சில்லிட்டாலோ கொதித்தாலோ, நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே வாருங்கள். பிறந்த குழந்தைக்கும் 108 ஊர்தி வரும், கட்டணமில்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தின்போதும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்களால் நிறைந்திருக்கும். வாகனங்கள் வேறு வழிகளில் திருப்பிவிடப்படும். ஒன்பதாம் மாதத்தில் உள்ளவர்கள் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் பனிக்குடம் உடைந்தாலோ, வலி தொடங்கினாலோ, வலி நெருங்கி வரட்டும் என்று வீட்டில் இருக்கவேண்டாம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரவேண்டியவர்கள் குறித்த தேதிக்குச் சில நாட்கள் முன்னதாகவே அடிவாரத்தில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியர் வழிசொல்வார்.