மூக்கில் ஆணி, தொண்டையில் வாள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டாம்பா நகருக்குத் தெற்கே கிப்சன்டன் என்றொரு சிற்றூர். ஊர் ஊராகப் போய் கார்னிவல் கூடாரங்களில் வித்தை காட்டியவர்கள் குளிர்காலத்தைக் கழிக்கவும், ஓய்வுபெற்றபின் குடியிருக்கவும் தேர்ந்துகொண்ட ஊர். உயரம் குறைந்தவர்களுக்காக அங்கே அஞ்சலகத்தில் தாழ்வான கவுண்டர் இருந்தது. வீட்டு முற்றத்தில் யானையைக் கட்டி வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் 1995 மார்ச் 31 அன்று ஒளிபரப்பான 'ஹம்பக்' அத்தியாயத்தில் துப்பறிவாளர்கள் முல்டரும் ஸ்கல்லியும் கொலையாளியைத் தேடி வருவது இங்கேதான்.

கதையின் மர்மம் கற்பனை. ஆனால் அதில் டாக்டர் பிளாக்ஹெட்டாக நடித்த ஜிம் ரோஸ் நிஜமான வித்தைக்காரர். பாத்திரத்தின் பெயரும் ஒரு நிஜ வித்தையிலிருந்து வந்தது: நீளமான ஆணி ஒன்றை மூக்குத் துளையில் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவது. இதில் கண்கட்டு ஏதும் இல்லை. ஆணி மடங்குவதில்லை, கைக்குள் ஒளிவதும் இல்லை. முழுதாக உள்ளேதான் போகிறது.

எங்கே போகிறது? மூக்குத் துளை மேல்நோக்கி, இரு கண்களுக்கு நடுவே ஏறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மூக்கின் வெளித்தோற்றம் அப்படி எண்ண வைக்கிறது. நாக்கின் நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். அந்த எலும்பின் மறுபக்கம்தான் நாசிக்குழியின் தரை. அது முகத்திலிருந்து நேராகப் பின்பக்கம், ஏறக்குறைய கிடைமட்டமாக ஓடி, தொண்டையின் உச்சியில் போய்ச் சேர்கிறது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார்களே, அந்தக் குச்சி போனதும் இதே வழியில்தான். சுத்தியல் எதையும் துளைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பாதையில் ஆணியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கடினமான பகுதி தும்மலை அடக்குவது. நாசியின் உட்சவ்வு முழுக்க நரம்பு முனைகள். அவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கியாக வேண்டும். பக்கச் சுவரில் ரத்தம் நிறைந்த மடிப்புகள் உள்ளன. ஆணி சற்றே மேலே சாய்ந்தால் மூளையைத் தாங்கும் மெல்லிய எலும்பு இருக்கிறது. யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

இந்த வித்தையைப் பிரபலப்படுத்திய மெல்வின் பர்க்ஹார்ட் (1907–2001) கிப்சன்டன்வாசி. இளவயதில் குத்துச்சண்டையில் மூக்கு உடைந்து சிகிச்சைக்குப் போனவர், மருத்துவரின் கருவி எவ்வளவு ஆழம் போகிறது என்பதைக் கவனித்தார். வலியோடு படுத்திருக்கும்போது அதைக் கவனிக்கத் தோன்றியதே, அந்தக் கூர்மையை நினைத்து நான் வியக்கிறேன்.

வாள் விழுங்குவதும் இதே வகைதான், ஆபத்து மட்டும் பல மடங்கு. தலையைப் பின்னால் சாய்த்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றும் ஒரே கோட்டில் வரும். வாள் இதயத்தின் பின்புறத்தை ஒட்டி இறங்கி இரைப்பையைத் தொடுகிறது. முதல் எதிரி குமட்டல். விரல், கரண்டி, பிறகு பின்னல் ஊசி என்று ஒவ்வொன்றாகத் தொண்டைக்குள் விட்டு அதை மரக்கச் செய்கிறார்கள். உணவுக்குழாயின் வாயில் எப்போதும் இறுகியிருக்கும் சுருக்குத்தசையையும் தளர்த்தக் கற்க வேண்டும்.

பிரிட்டிஷ் மருத்துவர் பிரையன் விட்கோம்ப், வாள் விழுங்கும் கலைஞர் டான் மேயருடன் சேர்ந்து 46 கலைஞர்களின் அனுபவங்களைத் திரட்டி, 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். கவனம் சிதறும்போதும், ஒன்றுக்கு மேற்பட்ட வாள்கள், வளைந்த வாள்கள் என்று புதுமை சேர்க்கும்போதும்தான் காயங்கள் அதிகம். ஒருவரின் தோளில் உட்கார்ந்திருந்த மக்காவ் கிளி சேட்டை செய்ய, அவருடைய உணவுக்குழாய் கிழிந்தது. பெல்லி நடனமாடிய ஒரு பெண் மூன்று வாள்களை விழுங்கி நின்றபோது, பார்வையாளர் ஒருவர் அவர் இடுப்புப் பட்டையில் டாலர் நோட்டுகளைச் செருகினார். உள்ளே வாள்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நகர, கடுமையான ரத்தப்போக்கு.

மருத்துவம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், வளையாத உலோகக் குழாயை இரைப்பை வரை செலுத்திப் பார்க்க விரும்பினார். நோயாளிகளால் முடியாது. ஒரு வாள் விழுங்குபவரை அழைத்தார். சுமார் 47 சென்டிமீட்டர் குழாய் உள்ளே இறங்கியது. ஆனால் அக்கால விளக்கின் வெளிச்சம் அடிவரை போதவில்லை. இரைப்பையைத் தெளிவாகக் காண வளையும் கண்ணாடி இழைக் கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அதை உருவாக்கிப் பயன்படுத்தியது 1957-இல். இன்று எண்டோஸ்கோபி அறையில் தொண்டையில் மருந்து தெளித்து, சில நிமிடங்களில் குமட்டலை அடக்கிவிடுகிறார்கள். கூடாரத்துக் கலைஞர்கள் மருந்தே இல்லாமல், ஆண்டுக்கணக்கில் பழகி அதைச் செய்தார்கள்.