தமிழகச் சிற்பங்களில் நாய்: வைரவர் வாகனமும் எடுத்தனூர் நடுகல்லும்

செட்டிநாட்டு நகரத்தார் கோயில்கள் ஒன்பதனுள் ஒன்றாகிய வைரவன்பட்டியில் வைரவர் வழிபாடு சிறப்புற்று விளங்குகிறது. வைரவர் படிமங்களில் இடம்பெறும் நாய், இறைவனை இன்னாரென அடையாளங்காட்டும் வாகனமாகும். அதற்கெனத் தனிப்பெயர் சுட்டப்பெறுவதில்லை.

இதனின்று வேறுபடுவது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரிலுள்ள நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல், எருமைகளைக் காக்க முனைந்து உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பெற்றது. வீரன் உருவத்துடன் நாயொன்றும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றமையையும் கல்வெட்டு பதிவுசெய்கிறது.

எனவே, சிற்பங்களில் காணப்பெறும் நாயுருவங்கள் அனைத்தையும் சமயக் குறியீடாகவோ வேட்டைத் துணையாகவோ மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நடுகல் மரபு மாந்தரை மட்டுமே பெயர் சுட்டி நினைவுகூர்ந்தது என்னும் கருத்தையும் கோவிவன் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.