தீப்பெட்டிக்குள் ஒரு பூதம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசலிற் குந்தியிருந்த சிறுவனிடம், "கைத்தொலைபேசியில் என்ன தம்பி பார்க்கிறாய்?" என்றேன். "போக்கிமோன், சேர்" என்றான். பெயரின் பொருளை அவன் அறியான். அறியத்தக்க பெயர்தான் அது.

தோக்கியோவை அடுத்த மச்சிதாவில் வளர்ந்தவர் சத்தோஷி தஜிரி, 1965இல் பிறந்தவர். எந்நேரமும் வண்டு பிடித்துத் திரிந்தமையால் தோழர்கள் அவரைப் 'பூச்சிப் பண்டிதர்' என்று கேலி செய்தனராம். நகரம் பெருகிற்று, குளங்கள் தூர்ந்தன, வண்டுகளும் போயின. பின்னாளில், 'கேம் போய்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டைக் கம்பியால் இணைக்கலாம் எனக் கண்டபோது, அக்கம்பி வழியே பூச்சியொன்று ஊர்ந்து செல்வதாக அவர் மனக்கண்ணிற் கண்டார். விதை அதுவே. பிடிப்பது, வளர்ப்பது, தோழனுக்கு மாற்றிக் கொடுப்பது! தமிழ்ச் சிறுவர் பொன்வண்டைத் தீப்பெட்டியிலிட்டு இலை போட்டு வளர்த்ததற்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

முதலில் எண்ணிய பெயர் 'கப்சூல் மொன்ஸ்டர்ஸ்'; சிமிழ்ப் பூதங்கள் எனலாம். (அரக்கர் என்றால் இச்சிற்றுயிர்களுக்குத் தாங்காது.) வணிகக்குறிச் சிக்கலால் அது 'பொக்கெட் மொன்ஸ்டர்ஸ்' ஆயிற்று என்பர். 1996 பெப்ரவரி 27இல் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள் வெளிவந்தன. நீண்ட அயற்சொற்களின் தலையசைகளை மட்டும் கூட்டி வழங்குவது ஜப்பானியர் வழக்கம். அவ்வாறு பிறந்ததே போக்கிமோன். 1998இல் அமெரிக்கா சென்றபோது அக்குறுக்கமே முழுப்பெயராயிற்று.

இலக்கண ஆசிரியர்க்கு இங்கே விருந்துண்டு. ஒன்றாயினும் பலவாயினும் போக்கிமோன், போக்கிமோனே; நம் பால்பகா அஃறிணைப் பெயரைப் போல. புகழ்பெற்ற 'பிக்காச்சு'வில் 'பிக்கா' என்பது ஒளி தெறிக்கும் குறிப்பு. 'சூ' என்பது எலியின் குரல். நமது 'பளபள'வும் 'கீச்கீச்'சும் ஒன்றாய்ப் புணர்ந்தாற்போன்ற பெயர்!

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. பிரித்தானியப் பிள்ளைகளைச் சோதித்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட செய்தி இது: எட்டு வயதினர் போக்கிமோன்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அடையாளங்கண்டனர், தம் நாட்டு உயிரினங்களில் பாதியைக்கூடக் காணவில்லை. தொலைந்த பூச்சிகளை நினைந்து பிறந்த விளையாட்டுக்கு இப்படியும் ஒரு பயன்!

ஹோட்டன் சமவெளியின் முகிற்காட்டில், மூக்கு நுனியிற் கொம்பு தாங்கிய ஓணான் ஒன்று வாழ்கிறது. இலங்கையின் மத்திய மலைநாடன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் அறிவியற் பெயரில் ஸ்டொடார்ட் என்னும் அயலவர் பெயர் நிற்கிறது. இதை அச்சிறுவனிடம் சொன்னேன். கண்களை அகல விரித்தான்.

"அது எந்த வகை, சேர்? நெருப்பா, தண்ணியா?"