துண்டுப் பிரசுரமும் சோதித்தறியும் கண்ணும்

நூல் வாங்குங்கால் சிட்டத்தைப் பிரித்து நம்பரையும் முறுக்கையும் பார்க்கிறோம். விதை வாங்குங்கால் சிறிதளவை முளைக்கவிட்டுப் பார்க்கிறோம். ஆனால், கையில் தரப்படும் துண்டுப் பிரசுரத்தை அவ்வாறு நாம் சோதிப்பதில்லை. நூலில் ஏமாந்தால் ஒரு பாவு வீணாகும். சொல்லில் ஏமாந்தால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொருளே போய்விடும்.

பிரசாரத்தைச் சோதிக்கும் முறையை எளிய மக்களுக்குக் கற்பிக்க, 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிரசார ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. அதற்குப் பொருளுதவி செய்தவர் எட்வர்டு பைலீன் என்னும் பாஸ்டன் நகர வணிகர். கூட்டுறவாளர் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது. 1907-இல் இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டு, தம் நாட்டிலும் அத்தகைய சங்கங்கள் பரவப் பாடுபட்டவர் அவர். நிலையம் 1942-இல் மூடப்பட்டதாயினும், அது வகுத்த ஏழு குறிகள் இன்றும் பயன்படுகின்றன. அவையாவன:

1. எதிரிக்கு இழிபெயர் சூட்டி, ஆராயாமலே வெறுக்கச் செய்தல்.
2. ‘முன்னேற்றம்’, ‘மானம்’ போன்ற பொருள் வரையறை இல்லாத இனிய சொற்களால் மயக்குதல்.
3. கோயில், கொடி முதலியவற்றின் பெருமையைத் தன் சரக்கின்மேல் ஏற்றுதல்.
4. புகழ் பெற்றவரைச் சான்றாகக் காட்டுதல்.
5. ‘நானும் உங்களில் ஒருவன்’ என உறவு கொண்டாடுதல்.
6. சாதகமானதைக் காட்டிப் பாதகமானதை மறைத்தல்.
7. ‘எல்லோரும் சேர்ந்துவிட்டனர்’ என்று இழுத்தல்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ‘நானும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையே. உங்கள் தெருவில் பலர் சேர்ந்துவிட்டனர். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. நாளையே கடைசி நாள்’ என்று ஒரு பிரசுரம் வருவதாகக் கொள்வோம். மேலே கோபுரப் படமும் உண்டு. படம் மூன்றாம் குறி. முதல் வாக்கியம் ஐந்தாம் குறி. அடுத்தது ஏழாம் குறி. ‘நாளையே கடைசி’ என்பது, நாம் சிந்திக்க நேரம் தராத அச்சமூட்டல். இவற்றை நீக்கினால் எஞ்சுவது வட்டிக் கணக்கு ஒன்றே. நூறு ரூபாய்க்கு ஆண்டில் 120 ரூபாய்! எந்தத் தறி, எந்த வயல் இத்தகைய ஆதாயம் தரும்? பணத்தை எத்தொழிலில் இடுகிறார்கள், வைப்புத்தொகை வாங்கச் சட்டப்படி அனுமதி உண்டா என்பன சொல்லப்படவில்லை. அதுவே ஆறாம் குறி. அனுமதியற்ற வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். உள்ளத்தைத் தொடுவதெல்லாம் பொய்யன்று; உண்மையும் உருக்கமாகச் சொல்லப்படலாம். குறி தென்பட்டவுடன் கூற்றைத் தள்ளிவிடலாகாது. நின்று ஆராய்தல் வேண்டும். சொல்பவர் யார்? அவருக்கு வரும் பயன் யாது? சான்று எங்கே? சொல்லாது விட்டது எது? இந்நான்கையும் கேட்டு விடை பெற்ற பின்னரே கையொப்பம் இடுக.

இவ்வளவுகோல் பிறர்க்கு மட்டும் உரியதன்று. சங்கத் தேர்தலில் வேட்பாளர் விடும் அறிக்கையையும், ‘ஒற்றுமையே வலிமை’ என்று நம் சங்கமே விடும் வேண்டுகோளையும் இதனாலேயே அளத்தல் வேண்டும். ஒற்றுமையை வேண்டுவோர் வரவு செலவுக் கணக்கையும் உடன் காட்டட்டும். கேள்வி கேட்கும் அங்கத்தினரே சங்கத்துக்கு உறுதியான காவல்.